சுவரில் மாட்டச் சொன்ன கிண்ணம்

பலெர்மோ, கபோ
14.01.2024

அன்புள்ள மாக்கிரட் அக்கா,

நீங்கள் வேலை செய்கிற கந்தோர் விலாசத்துக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் பிரிக்காமலே அடுப்புக்குள் போகும்.

நம்பரை மாற்றிவிட்டேன், பேஸ்புக்கையும் மூடிவிட்டேன். இங்கே இருக்கிற நம் ஊர் அலோசியஸ் அண்ணையிடம் கேட்டு வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். கொடுத்தால் இந்த ஊரில் அவர் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா தன் வாயால் கேட்கிற அன்று தருவேன். பிரணவனைப் பதிவுத் திருமணம் செய்தேன் என்று சொன்னபோது அம்மா போனில் என்ன சொன்னா? நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். "என்ரை வயிறு எரியிற மாதிரி உன்ரை வயிறும் ஒருநாள் எரியும்." மாப்பிள்ளை சைவம், மாதா கோயிலில் கட்டவில்லை, எல்லாம் சரி. அதற்காகப் பெற்ற பிள்ளையின் வயிற்றையா சொல்வது?

சரி, விடுங்கள். நாங்கள் நன்றாக இருக்கிறோம். பிரணவன் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. நான் இப்போதும் கால்சாவில் எமிலியானா சின்யோரா வீட்டில் துப்புரவு வேலைதான். வீடு பெரிய மாளிகை, பாதி திருத்தியது, பாதி இடிந்தது. கீழ்த்தளத்தில் அவ கிண்ணங்கள் செய்து விற்கிறா. ஆயிரம் வருடத்துக்கு முதல் இந்த ஊரை அரபுக்காரர் ஆண்ட காலத்துக் கிண்ணங்கள் இருக்கிறதல்லவா, அவற்றைப் பார்த்து அதே மாதிரி. பச்சையிலும் கடும் மண்ணிறத்திலும் பறவை, மீன், விளிம்பைச் சுற்றி அரபு எழுத்து. மண்ணும் அதே மண், மேலே போடுகிற கண்ணாடிப் பூச்சும் அந்தக் காலத்துச் சேர்மானமாம். இந்தக் காலத்துப் பூச்சு போட்டால் பச்சை பொய் சொல்லும் என்கிறா.

நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கும் ஒன்று தந்தா. நடுவில் ஒரு பறவை, வாயில் ஒரு இலை. பின்பக்கம் கம்பி கட்டி, "சுவருக்கு, ரம்யா. சாப்பாட்டுக்கு இல்லை" என்றா. இந்தப் பெரிய மனிசர் நல்ல கோப்பையை எல்லாம் சுவரில் மாட்டிவிட்டு யோகட்டைப் பிளாஸ்டிக்கில் சாப்பிடுகிறவர்கள். என் அறைச் சுவரோ ஈரம். ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் கையில் வருகிறது. இப்போதைக்கு அலுமாரித் தட்டில் சும்மா இருக்கிறது.

ஒரு உதவி. தேசிக்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புவீர்களா? அலோசியஸ் அண்ணை லீவில் அங்கேதான் நிற்கிறார். இந்த ஊர் எலுமிச்சையில் அந்தப் புளிப்பு வராது, நினைத்தாலே வாய் ஊறுகிறது.

அன்புடன்
ரம்யா


மன்னார்
06.02.2024

அன்புள்ள ரம்யா,

வாய் மட்டும் குறையவில்லை உனக்கு. ஆண்டவர் காப்பாற்றட்டும்.

அலோசியஸ் அண்ணையிடம் ஒரு போத்தில் கொடுத்துவிட்டேன். நான் செய்தது என்று நினைத்துக்கொள். அப்படித்தான் சொல்லச் சொல்லி உத்தரவு. ஆனால் எனக்கு உன்னிடம் பொய் எழுத வராது. செய்தது அம்மா. காலையில் பூசைக்குப் போய் வந்து உன்னை ஒருபாட்டம் திட்டினா. மத்தியானம் பார்த்தால் முற்றத்தில் பாய் விரித்துத் தேசிக்காயைப் பிளந்து உப்பு அடைத்துக்கொண்டிருக்கிறா. "ஆருக்கு அம்மா?" என்று கேட்டேன். "ஆருக்கோ" என்றா. போத்திலை என் கையில் தரும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "பிளேன்ல போறதெண்டு போத்திலைத் தகர மூடியாலை இறுக்கி மூடியிருக்கு, அங்கை போனதும் பீங்கானுக்கு மாத்தச் சொல்லு. தகரத்திலையோ சில்வரிலையோ வைச்சாளெண்டால் களிம்பு ஏறும், வயித்துக்குக் கூடாது." இது அம்மாவின் சொல். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

உன் கிண்ணத்தை வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இங்கே தொல்பொருள் கந்தோர்க் களஞ்சியத்தில் என்ன செய்கிறேன் என்று நினைக்கிறாய்? மாந்தையில் தோண்டின பானை ஓட்டுத் துண்டுகளைக் கழுவி இலக்கம் போடுகிறேன். அதில் உன் பச்சையும் இருக்கிறது. பச்சை ஒழுகி மண்ணிறத்தோடு கலந்த துண்டுகள், ஒன்றில் விளிம்பில் எழுத்து மாதிரி. எங்கள் அதிகாரி குணரத்தினம் ஐயா சொல்கிறார், இந்த வேலைப்பாடு பாரசீகக் குடாப் பக்கம் தொடங்கினதாம். மேற்கே போனது துனிசியா போய்ப் பலெர்மோவுக்கு ஏறியது. கிழக்கே வந்த கப்பல் மாந்தையில் இறக்கியது. நீயும் நானும் ஒரே தாய்ப் பானையின் இரண்டு பக்கத்து ஓட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். நீ சம்பளம் கூடவாக எடுக்கிறாய், அவ்வளவுதான்.

அம்மாவின் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவவுக்கு வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

அக்கா


பலெர்மோ
10.03.2024

அன்புள்ள அக்கா,

போத்தில் வந்தது. திறந்தவுடன் அறை முழுக்க அம்மா வந்து நின்ற மாதிரி இருந்தது. அழுதேன், பிறகு தின்றேன்.

எங்களிடம் பீங்கான் என்று ஒன்றும் இல்லை. எல்லாம் சில்வரும் பிளாஸ்டிக்கும். அப்போதுதான் தட்டிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். சுவருக்கு என்று தந்தது, ஊறுகாய் போடலாமோ என்று ஒரு யோசனை வந்தது. நேரே கேட்டால் சின்யோராவுக்கு மனம் நோகும் என்று சுற்றி வளைத்து, "விளிம்பில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அந்தக் காலத்துக் கிண்ணங்களில் எழுதுகிற வழக்கமான வாழ்த்தாம். இதில் உண்பவர் மகிழ்ந்து உண்ணட்டும், உடம்பு நலம் பெறட்டும் என்று அர்த்தமாம். பிறகு வந்த சிசிலிக் குயவருக்கு அரபு தெரியாது. அழகுக்காகப் பார்த்துப் பார்த்து எழுதி எழுத்தெல்லாம் கொடியும் இலையுமாய்ப் போய்விட்டது, ஆனால் என் கிண்ணத்தில் இருப்பது பிழையில்லாத எழுத்து, பழையதைப் பார்த்துத் தானே எழுதினது என்று பெருமையாகச் சொன்னா.

பாருங்கள் அக்கா, கிண்ணமே சாப்பிடு என்று சொல்கிறது, இவ சுவரில் மாட்டு என்கிறா. எழுதியவர் சொல்லைக் கேட்பதா, விற்பவர் சொல்லைக் கேட்பதா? கம்பியைக் கழற்றி, வெந்நீரில் கழுவி, ஊறுகாயை அதற்கு மாற்றினேன். வீட்டிலுள்ள வடிவான பாத்திரம் அதுதான். அம்மாவின் கைக்கு அது தகும்.

இன்னொரு விசயம். நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டி உறுதிப்படுத்தியாயிற்று. பிரணவன் தெருவில் கண்ட மீன்காரனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்குப் புளிப்பைத் தவிர வேறொன்றும் வாய்க்குள் இறங்கவில்லை. காலையில் பாண், ஊறுகாய். மத்தியானம் சோறு, ஊறுகாய். அம்மாவிடம் சொல்வதா விடுவதா என்பது உங்கள் பாடு.

ரம்யா


மன்னார்
02.04.2024

ரம்யா குஞ்சு,

சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நின்றது, பிறகு திரும்ப ஓடியது. கடைசியில் கேட்டது இதுதான்: "ஊறுகாயை எதிலை வைச்சிருக்கிறாளாம்?" பறவை போட்ட பச்சைப் பீங்கானில் என்றேன். "அந்தளவுக்காவது புத்தி இருக்கே" என்றா. எனக்கு அது போதும்.

பாரம் தூக்காதே. மாடிப்படி கழுவுகிற வேலையைச் சின்யோராவிடம் சொல்லி நிறுத்து.

அக்கா


பலெர்மோ
19.05.2024

அக்கா,

போய்விட்டது.

கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நாலாம் மாதம் தொடங்கியிருந்தது. இரவெல்லாம் வயிற்றைப் பிடித்து முறுக்கியது, விடிய இரத்தம். டொக்டர் காரணம் ஒன்றும் சொல்லவில்லை, முதல் பிள்ளைக்கு இப்படி நடக்கிறதுதான் என்றார். இரத்தம் குறைவாம், இரும்புக் குளிசை தந்தார். குளிசையாலோ என்னவோ, வாய்க்குள் காசை வைத்துச் சப்புகிற மாதிரி ஒரு ருசி. இல்லை, குளிசை தர முதலே அந்த ருசி இருந்தது.

எனக்குக் காரணம் தெரியும். உங்களுக்கும் தெரியும். எரியும் என்று சொன்னா, எரிந்தது. வாயும் கையும் வேறு என்று எழுதினீர்களே, வாய்தான் பலித்தது. போய்ச் சொல்லுங்கள், நினைத்தது நடந்துவிட்டது, இனியாவது நிம்மதியாகப் பூசைக்குப் போகட்டும்.

பிரணவனுக்கும் சரியில்லை. வலது கை மணிக்கட்டு சோர்ந்து விழுகிறது. மண்டரின் பெட்டியைக் கைதவற விட்டு, இரண்டு தரம் ஏச்சு வாங்கினார். தோட்டத்தில் அடிக்கிற மருந்தென்று நாங்கள் நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு அவருக்கும் ஊறுகாயும் தயிரும்தான், மெலிந்து போனார். என்ன வீடு இது, இரண்டு நோயாளி, ஒரு கட்டில்.

கோபத்தில் எழுதுகிறேன், தெரியும். ஆனால் ஒன்றைக் கேட்க வெட்கமாகவும் இருக்கிறது. ஊறுகாய் முடியப் போகிறது. வேறு எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்குச் சொல்லாமல் நீங்களே கொஞ்சம் செய்து அனுப்புங்கள்.

ரம்யா


மன்னார்
11.06.2024

என் தங்கச்சி,

நான் பக்கத்தில் இல்லையே. வேறு என்ன எழுத?

உன் கடிதத்தை ஒளிக்க நினைத்தேன், முடியவில்லை. முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டா. கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டு மிச்சத்தை வாசித்தேன். அம்மா எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டா. அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் மடு மாதா கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் தனியாக ஏறிப் போனா. வந்து என்னிடம் ஒரு வார்த்தை: "என்ரை நாக்குத்தான் பிள்ளையைத் திண்டது." அதற்குப் பிறகு உன்னைத் திட்டவில்லை. திட்டாத அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊறுகாய் கேட்டாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடந்த கிழமை தானாகவே தேசிக்காய் வாங்கி வந்தா. இந்த முறை பெரிய போத்தில். அலோசியஸ் அண்ணையின் மனைவி றோசமலர் ஆடியில் வருகிறா, அவவிடம் கொடுப்பேன். புளிப்பைக் கூடுதலாக விட்டிருக்கிறா. உனக்கு அப்படித்தான் பிடிக்குமாம்.

நம்பரைத் தா, ரம்யா. அம்மா கேட்க மாட்டா. வெட்கத்தில் கேட்க மாட்டா. நீ தா.

அக்கா


பலெர்மோ
22.09.2024

அன்புள்ள அக்கா,

கனநாள் எழுதவில்லை. கோபம் இல்லை, சோர்வு. படி ஏறினால் கால் நடுங்குகிறது. சாவியை வைத்த இடம் மறந்துபோகிறது. நேற்றுச் சின்யோரா வீட்டில் யன்னலைத் துடைத்துவிட்டு, அதே யன்னலைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவ பார்த்துச் சிரித்தா, நானும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம், அக்கா. இந்த முறை ஒருவருக்கும் சொல்லவில்லை, பிரணவன் மீன்காரனுக்கும் சொல்லவில்லை. இதயம் அடிப்பதைக் கேட்டோம். குருவி ஓடுகிற மாதிரிச் சத்தம். போன முறை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம், அதனால் இப்போது வலிந்து சாப்பிடுகிறேன். பெரிய போத்தில் வந்ததால் தப்பினேன். கிண்ணம் முட்ட ஊற்றி வைத்திருக்கிறேன், குறையக் குறைய நிரப்புகிறேன்.

கிண்ணந்தான் பாவம். உட்பக்கம் முன்னைப் போல மினுங்குவதில்லை. பறவையின் கால் மங்கி, வாயிலிருந்த இலை வெளிறிப் போய்விட்டது. விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. இவ்வளவு பெருமை பேசின சின்யோராவின் பூச்சு ஒரு வருடம் தாக்குப் பிடிக்கவில்லை. விளிம்பில் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது, மகிழ்ந்து உண்ணட்டும் என்று.

அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம். பிள்ளை கையில் வந்த பிறகு சொல்வோம். நம்பரும் அப்போது தருகிறேன். அதுவரை அம்மாவின் நாக்கில் என் பெயர் வர வேண்டாம், நல்லதற்கும் வேண்டாம். எனக்குப் பயம்.

ரம்யா


மன்னார்
15.10.2024

ரம்யா,

முதலில் இதைச் செய். அந்தக் கிண்ணத்தில் இருப்பதைத் தொடாதே. கொட்டு. பிரணவனையும் தொட விடாதே. பிறகு மிச்சத்தை வாசி.

உன் கடிதம் இன்று காலை வந்தது. நேற்று இங்கே என்ன நடந்தது என்று கேள். மாந்தைத் துண்டு ஒன்றில், அந்தப் பச்சைத் துண்டில், சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. வீட்டில் குத்துவிளக்குத் துலக்குகிற பழக்கத்தில், சாப்பாட்டுக்கு வைத்திருந்த தேசிக்காய்ப் பாதியை எடுத்துத் தேய்த்தேன். குணரத்தினம் ஐயா கண்டுவிட்டு ஓடி வந்தார். "பிள்ளை, வையும் அதை! அந்தப் பூச்சுக்குள்ள காரீயம் இருக்கு. புளி பட்டால் இளகி வெளியில வரும், அது நஞ்சு. போய்க் கையைக் கழுவும் முதல்."

கழுவினேன். ஏச்சு வாங்கின கோபத்தில் உன்னை நான் நினைக்கவே இல்லை. இன்று உன் கடிதத்தில் அந்தப் பறவையின் கால் வந்ததும் எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. ஐயாவிடம் போய், அப்படியான கிண்ணத்தில் ஒருவர் மாதக்கணக்கில் ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டால் என்ன என்று கேட்டேன். "ஆர் அப்பிடிச் செய்வினம்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்ட பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வயிற்று முறுக்கு. இரத்தம் குறைவது. மறதி. மணிக்கட்டு விழுவது. கர்ப்பம் தங்காமல் போவது. நீ எழுதிய கடிதங்களைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருந்தது.

மங்கிப்போன பறவை எங்கே போனது என்று விளங்குகிறதா உனக்கு?

பூச்சு பழைய சேர்மானம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். என் களஞ்சியத்திலும் அதே பச்சைதான் என்று நான் சிரித்து எழுதினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

உன் சொல்லை மீறிவிட்டேன். அலோசியஸ் அண்ணைக்குக் காலையிலிருந்து போன் அடிக்கிறேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வேலை வீட்டில் போனை அலுமாரியில் வைத்துவிடுவாராம், றோசமலரின் போனும் அப்படித்தான். அடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அவர் எடுக்கட்டும், நீ இந்தக் கடிதத்தைக் காண முதல் யாராவது உன் கதவைத் தட்டட்டும்.

அம்மா இப்போது வீட்டில் என்ன செய்கிறா தெரியுமா? மூன்றாவது தடவையாகத் தேசிக்காய் முற்றத்தில் காய்கிறது. காகம் வராமல் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறா. இன்னும் தன் நாக்குத்தான் காரணம் என்று நினைத்து மாதாமாதம் மடுவுக்குப் போய் வருகிறா. இல்லை என்று சொன்னால் ஆறுதல்படுவா. பிறகு என்ன காரணம் என்று கேட்பா. நான் என்ன சொல்ல? அந்தத் தேசிக்காயை என்ன செய்ய?

அக்கா


பலெர்மோ
03.11.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் இந்தக் கிழமைதான் வந்தது. அலோசியஸ் அண்ணை நீங்கள் எழுதின அன்றே வந்துவிட்டார். வேலை உடுப்போடு நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, நேரே குசினிக்குள் போனார். நான் அப்போதுதான் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட இருந்தேன். சோற்றுக் கோப்பையைக் கையிலிருந்து பறித்தார். மனிசனுக்குப் பைத்தியம் என்று நினைத்தேன்.

இரத்தத்தில் இருக்கிறது, அக்கா. எனக்கும் பிரணவனுக்கும். எனக்குத்தான் கூடுதல். ஊறுகாயும் கிண்ணமும் ஆஸ்பத்திரிக்காரர் கொண்டுபோனார்கள், அதிலும் இருக்கிறது. சாப்பாட்டை நிறுத்தினாலும் உடனே போகாதாம். எலும்புக்குள் போய் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இரத்தத்துக்கு வருமாம், வயிற்றில் பிள்ளை இருக்கிற நேரம் இன்னும் கூடுதலாக வருமாம். பிள்ளையின் இதயம் அடிக்கிறது. அதைக் கேட்டுவிட்டு டொக்டர் சிரிக்கவில்லை. பிறந்த பிறகும் சில வருடம் பார்த்துத்தான் சொல்லலாமாம். கிழமைக்கு ஒருதரம் இரத்தம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு தரமும் ஊசிக்காரி முகத்தைப் பார்க்கிறேன்.

சின்யோரா வந்து அழுதா. சுவருக்கு என்று சொன்னேனே, சொன்னேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னா. உண்மைதான், சொன்னா. நஞ்சு என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு இல்லை என்றால் ஏன் என்று நானும் கேட்கவில்லை. பவுசு என்று நினைத்தேன். ஆயிரம் வருடம் முதல் அந்த வாழ்த்தை எழுதினவனும் தன் கிண்ணத்தில்தான் சாப்பிட்டிருப்பான். அவன் வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்களோ.

இனி அம்மா விசயம். நான் கனக்க யோசித்தேன். முதல் பிள்ளை போன அன்று அம்மாவின் நாக்கைக் குற்றம் சொல்லி எழுதினேன். அவ அதை நம்பி இத்தனை மாதம் மடுவுக்கும் வீட்டுக்குமாக அலைந்திருக்கிறா. அது நாக்கு இல்லை என்று உடனே சொல்லுங்கள், இன்றைக்கே. கிண்ணம் என்று சொல்லுங்கள். சின்யோரா தந்த கிண்ணம், அதன் பூச்சில் நஞ்சு, நான் அதில் சாப்பிட்டேன்.

அதில் என்ன வைத்துச் சாப்பிட்டேன் என்று அம்மா கேட்பா. கட்டாயம் கேட்பா, அம்மாவல்லவா. அப்போது தயிர் என்று சொல்லுங்கள், பழம் என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பொய் எழுதத்தான் வராது, சொல்ல வரும் என்று எனக்குத் தெரியும். ஊறுகாயை எப்போதோ கண்ணாடிப் போத்திலுக்கு மாற்றிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

காய்கிற தேசிக்காயை எறிய வேண்டாம். போத்திலில் அடைத்து அனுப்புங்கள். கீழே என் நம்பர் இருக்கிறது. அம்மா அழைத்தால், போன முறை அனுப்பினது நல்ல ருசி, ஒரு துண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன் என்று நான் சொல்லுவேன்.

ரம்யா